சென்டர் மட்டும்

செப்டம்பர் 2, திங்கள்

ஹோம் தியேட்டரின் சென்டர் ஸ்பீக்கர் செத்துவிட்டது. இரண்டு மாதமாகவே கரகரத்துக்கொண்டிருந்தது. இன்று காலை ஒரு படம் போட்டேன். கதாநாயகன் வாயசைக்கிறான், பேச்சு வரவில்லை. சண்டையும் வயலினும் மட்டும் ஜோராக வந்தன.

ஆறு பெட்டி கொண்ட செட் இது. இடமும் வலமும் நிற்பவை பாட்டுக்கு, பின்னால் இரண்டும் மழைக்கும் ஹெலிகாப்டருக்கும், மூலையில் இருக்கும் வூஃபர் இடிக்கு. டிவிக்குக் கீழே நட்டநடுவில் படுத்திருக்கும் சென்டரில்தான் மனிதர்கள் பேசுவார்கள். அது போனால் மிச்சம் இருப்பது வெறும் ஆரவாரம்.

26-ந் தேதிக்குள் புதிதாக ஒன்று மாட்டியாக வேண்டும். அன்று மங்கைக்குக் குரல்வளையை எடுக்கிறார்கள். எழுதிவிட்டேன். சென்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

மங்கை, முழுப்பெயர் மங்கையர்க்கரசி, என் மனைவி, முப்பத்தோரு வருஷம் டப்பிங் பேசியவள். தெலுங்குக் கதாநாயகிகள் தமிழில் கோபித்துக்கொண்டதும் கொஞ்சியதும் பாதிக்கு மேல் இவள் தொண்டையில்தான். பெயர் எந்தப் படத்திலும் பெரிய எழுத்தில் வந்ததில்லை. நான் டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன், நாற்பத்தொன்று. அவற்றில் உச்சம் நாங்கள் ஆற்றங்கரைப் படம் என்று சொல்லும் படம். தாய் இறந்து கிடக்க, கோயில் பூசாரியின் மகளான கதாநாயகி நாலு நிமிஷம் அழுவாள். வீட்டுக்கு வந்தவர் யாரையும் அதைக் கேட்காமல் நான் அனுப்பியதில்லை. படத்தை நேராக அந்த இடத்துக்கு ஓட்டிவிடுவேன். மங்கை அப்போதெல்லாம் காபி போட எழுந்து போய்விடுவாள். புகழ்ச்சியைக் கேட்கக் கூச்சம்.

அவள் குரல் இனி அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கும். அதைச் சுத்தமாகத் தரக்கூடிய பெட்டி வேண்டும். எடை அளவு ஆய்வாளராக முப்பத்து நாலு வருஷம் இருந்தவன் நான். நிறுத்துப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது மங்கை, “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள். பாதி காற்றாகத்தான் வந்தது. டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். முதலில் சென்டர் வரட்டும், அப்புறம் சாவகாசமாக உட்கார்ந்து பேசலாம் என்றேன்.

செப்டம்பர் 4, புதன்

ரிச்சி தெரு. நாலு ஸ்பீக்கர் கடை ஏறி இறங்கி, கடைசியில் இம்தியாஸ் பாய் கடையில் உட்கார்ந்தேன். ஐம்பது வயதிருக்கும். வாடிக்கையாளரை அவசரப்படுத்தாத மனிதர்.

கையோடு கொண்டுபோயிருந்த வில் தராசில் ஒரு சென்டரை மாட்டி நிறுத்துப் பார்த்தேன். அட்டைப் பெட்டியில் ஏழு கிலோ இருநூறு என்று போட்டிருந்தான். இருந்தது ஆறு எண்ணூறு. கேட்டதற்குப் பாய் சிரித்தார். “சார், மீன் வாங்கவா வந்தீங்க?”

ஆனால் மனிதர் விஷயம் தெரிந்தவர். முன்னால் நிற்கும் இரண்டு பெட்டியும் எந்தக் கம்பெனியோ, சென்டரும் அதுவாகவே இருக்க வேண்டுமாம். “இல்லாங்காட்டி ஒரு ஆளு பேசிக்கினே இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போனா, நடுவுல வேற யாரோ பேசற மாதிரி இருக்கும் சார்.” என் முன்பெட்டிகளைச் செய்த கம்பெனியே மூடிவிட்டது. அதனால் ஜாடை ஒத்துப்போகிற ஒன்றைத் தேட வேண்டும். வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்க ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

செப்டம்பர் 5, வியாழன்

அலமாரிக்குள் வைத்தால் பானைக்குள் பேசுவதுபோல இருக்கிறது. விளிம்புக்கு இழுத்து, மூக்கைக் காதுக்கு நேராகத் தூக்கி, அடியில் இரண்டு ரப்பர் கட்டைகள் கொடுத்தேன். தேவலை.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. மங்கை உட்கார்ந்தபடி சொல்ல, நான் கொழுக்கட்டை பிடித்தேன். முதல் மூன்றும் வாய் பிளந்தன. ஒவ்வொரு முறையும் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். டப்பிங் தியேட்டரில் டேக் சரியில்லை என்றால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்து டைரக்டர் அப்படித்தான் காட்டுவாராம். ‘ஒன் மோர்.’ கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் தோசைக்கும் ஒன் மோர், துணி மடிப்புக்கும் ஒன் மோர். நாலாவது கொழுக்கட்டைக்கு விரல் இறங்கியது.

பூஜை முடிந்ததும், “அந்த விஷயம்...” என்று ஆரம்பித்தாள். இந்த சென்டரில் ‘ச’வெல்லாம் சீறுகிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நல்ல நாளும் அதுவுமாகப் பெரிய பேச்சு எதற்கு.

செப்டம்பர் 9, திங்கள்

மயக்க மருந்து டாக்டரிடம் போனோம். ஏதேதோ தாளில் என் கையெழுத்து வாங்கினார்கள். ஒன்றில் ‘நிரந்தரமாக’ என்று இருந்தது.

வரும் வழியில் பாய் கடையில் முதல் சென்டரைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை வாங்கிக்கொண்டேன். மங்கை ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பர் 11, புதன்

தராசுத் தட்டில் நாலு கல்லைச் சேர்த்து வைத்தால் எது குறை என்று தெரியாது. ஒவ்வொன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். எனவே இன்று மற்ற ஐந்து பெட்டிகளின் வயரையும் பிடுங்கிவிட்டு, சென்டரை மட்டும் வைத்து ஆற்றங்கரைப் படத்தைப் போட்டேன்.

இசை மொத்தமாக நின்றுபோனது. காலி அறையில் ஒரு பெண் அழுதாள். வயலினோடு கேட்டபோது சோகமாக இருந்தது. இது கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்பதுபோல இருந்தது. கடைசியில் அந்த நீண்ட ‘அம்மா’. அது முடிந்து மூச்சை இழுத்தாள். பிறகு, வழக்கமாக வயலின்கள் எகிறும் இடத்தில், வாய்க்குள் ஒரு வார்த்தை.

“ஏசப்பா.”

ரிமோட்டால் பின்னுக்குத் தள்ளி மூன்று முறை கேட்டேன். சந்தேகமே இல்லை. மாரியம்மன் கோயில் பூசாரியின் மகள் ஏசப்பா என்கிறாள்.

மங்கை சிதம்பரத்துச் சைவக் குடும்பம். கால் இடறினால் ‘சிவசிவா’ என்பாள்.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. அவள் வெளியே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பாய் கடைக்கு ஓடினேன். மூன்று கம்பெனி சென்டர்களில் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார். மூன்றிலும் ஏசப்பா. பெட்டியில் ஏதாவது கோளாறாக இருக்குமோ என்றேன்.

“ஸ்பீக்கரு இருக்கறத முழுங்கும் சார். இல்லாதத சொல்லாது” என்றார் பாய்.

வேறு யாராவது நடிகை பக்கத்தில் நின்றிருப்பாள், அவள் சத்தம் விழுந்திருக்கும் என்று நானே ஒரு காரணம் சொன்னேன். அவர் டீ வரவழைத்தார்.

செப்டம்பர் 13, வெள்ளி

மங்கையிடம் கேட்கவில்லை. அவளுக்குப் பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 16, திங்கள்

கிளாரா வந்தாள். மங்கையோடு டப்பிங் பேசியவள். நாகர்கோவில் பக்கம், இருபத்தைந்து வருஷப் பழக்கம். பிளம் கேக் கொண்டுவந்திருந்தாள். மங்கையால் விழுங்க முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பொட்டலத்தைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

நான் சென்டர் மாற்றும் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: “மங்கை வீட்டுக்குள்ளயே இருக்கா. அவ குரலைக் கேக்க நீங்க ரிச்சி தெருவுக்குப் போறீங்க. கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதையால்ல இருக்கு அண்ணே?” எனக்குச் சுருக்கென்று இருந்தது. சிரித்து மழுப்பினேன்.

புறப்படும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சோபாவிலிருந்து எழுந்தாள். எழும்போது வாய்க்குள் சொன்னாள்: “ஏசப்பா.” அதே இறக்கம். ‘ஏ’வில் ஏறி, ‘ப்பா’வில் காற்றாகப் போகும் இறக்கம்.

மங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் கிளாராவுக்கு ஆட்டோ பிடிக்கப் போனேன்.

செப்டம்பர் 18, புதன்

அப்படியானால் அந்த அழுகை மங்கையுடையது அல்ல. பத்தொன்பது வருஷமாகக் கிளாராவின் அழுகையை என் மனைவியின் அழுகை என்று ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ‘ஆயிரம் குரலில் என் பொண்டாட்டி குரலைக் கண்டுபிடிச்சிடுவேன்’ என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

பரணில் இருந்து 2005 டைரியை எடுத்தேன். ஆய்வுக்குப் போனால் பழைய பதிவேட்டைப் பார்ப்பது முதல் வேலை. இருப்பதை அப்படியே எடுத்தெழுதுகிறேன்.

‘பிப்ரவரி 9. மங்கை ஹைதராபாத் புறப்பட்டாள். ஆற்றங்கரைப் படத்தின் கடைசி ரீல்களை அங்கே வைத்துப் பேசுகிறார்களாம். பத்து நாள்.’

‘பிப்ரவரி 19. மங்கை வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். முதுகுவலியாம், சாமி விளக்கை என்னையே ஏற்றச் சொன்னாள்.’

‘பிப்ரவரி 27. சிதம்பரத்திலிருந்து கருமாதிப் பத்திரிகை. மாமியார் 16-ந் தேதி காலமானாராம். எனக்கு ஒரு போன்கூட இல்லை. அவர்களுக்கே வேண்டாம் என்றால் நான் ஏன் போக வேண்டும். மங்கை படித்துவிட்டு அரிசி களையப் போனாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. தைரியசாலி.’

‘மார்ச் 5. மங்கை இன்று தானே விளக்கேற்றினாள். முதுகு தேவலையாம்.’

சிதம்பரத்தில் இருப்பது அவள் அண்ணன் கதிர்வேலு. மளிகைக் கடை. 2003-இல் எனக்கு அங்கே வேலை. ஒரு நாள் ஆய்வுக்குப் போன கடைகளில் அதுவும் ஒன்று. கால் கிலோ எடைக்கல்லில் ஐந்து கிராம் குறைவு. சொந்த மச்சான் என்பதால் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தேன். பிறகு கல்லைப் பறிமுதல் செய்து வழக்குப் போட்டேன். அது அவர் அப்பா காலத்துக் கல், தேய்ந்திருக்கிறது என்றார். சட்டத்துக்கு அப்பா காலம் கிடையாது என்றேன். இனி வீட்டு வாசலை மிதிக்காதே என்றார். மங்கையும் மிதிக்க மாட்டாள் என்று நான் சொன்னேன். 2005-இல் மாமியார் படுத்துவிட்டதாக யாரோ சொல்லி மங்கை கேட்டபோதும் அதையேதான் சொன்னேன்.

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. படம் ஹைதராபாத்தில், குரல் கிளாராவுடையது. பத்து நாள் பொய் சொல்லிவிட்டு ஒரு பெண் எங்கே போயிருப்பாள்? கேவலமான யோசனைகள் வருகின்றன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

மூன்றாவதாக ஒரு சென்டர் பார்த்தேன். வேண்டாம். இரண்டாவதே போதும். இனி பாய் கடைக்குப் போகச் சாக்கு இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

காலை பத்து மணி இருக்கும். மறுபடி சென்டரை மட்டும் வைத்து அந்த இடத்தைப் போட்டிருந்தேன். மங்கை வந்து ரிமோட்டை வாங்கி அணைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு, டிவிக்கு முன்னால், ஸ்பீக்கரை மறைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“அது கிளாரா” என்றாள்.

“தெரியும்.”

“ஏசப்பாலேருந்தா?”

ஆமாம் என்றேன். சிரித்தாள்; சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். வயலினுக்கு அடியில போயிடும், விடுன்னு சவுண்ட் இன்ஜினியர் சொல்லிட்டாராம், என்றாள். நான் அந்த இடத்துக்குப் படத்தை ஓட்டும்போதெல்லாம் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று இருக்குமாம். அதனால்தான் காபி போட எழுந்து போவாளாம்.

“நீ எங்க இருந்தே?”

“எங்கம்மா தலைமாட்டுல.”

பிறகு அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையில் எழுதுகிறேன். கிளாராவிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, ஹைதராபாத் என்று என்னிடம் சொல்லிவிட்டு, சிதம்பரத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். அண்ணன் வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வழிவிட்டிருக்கிறார். எட்டு நாள் அம்மாவுக்குத் துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு இருந்திருக்கிறாள். எட்டாம் நாள் விடியும் முன் அம்மா போய்விட்டாள். தியேட்டரில் நாலு நிமிஷம் அழுகிறவளுக்கு அங்கே சத்தமே வரவில்லையாம். இங்கே திரும்பி வந்தபின் தீட்டு என்று சொல்ல முடியாமல் முதுகுவலி என்றிருக்கிறாள். அடுத்த மாதம் படம் வந்தது. நான் தியேட்டரிலிருந்து வந்து, என்ன அழுகை மங்கை, தாயைப் பறிகொடுத்தவள்கூட இப்படி அழ மாட்டாள் என்றேனாம். எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

“அப்பவே ஏன் சொல்லல?” என்றேன்.

“சொன்னா நான் போனது சரியா தப்பான்னு நீங்க நிறுத்துப் பாப்பீங்க. எங்கம்மாவைத் தராசுல வெக்க வேணாம்னு விட்டுட்டேன்.”

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “அந்தக் கல்லு குறைவுதானே மங்கை” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஆள்காட்டி விரலைத் தூக்கினாள். ஒன் மோர். நான் வாயைத் திறந்தேன். வேறு வசனம் எதுவும் வரவில்லை. விரல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றிருந்தது; கை வலித்திருக்கும், தானாக இறக்கிக்கொண்டாள்.

எழுந்து போகும்முன் இன்னொன்று சொன்னாள். அண்ணனிடம் ஒரு முறை பேச வேண்டுமாம். அன்றைக்கு வழியனுப்பும்போது, இனி வந்தால் உன் வீட்டுக்காரரோடு வா என்று சொன்னாராம். அதனால்தான் இத்தனை வருஷமும் பேசவில்லையாம். “எழுதிக் காட்ட நிறைய நாள் இருக்குங்க. பேச மூணு நாள்தான் இருக்கு. நீங்களே போன் போட்டுக் குடுங்க. இந்த மாசம் பொறந்ததிலேருந்து அதைத்தான் கேக்க வரேன்.”

எனக்கு மிகவும் அவமானமாக இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

பழைய டைரியில் இருந்த கடை நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறார்கள். வேறு நம்பர் யாரிடமும் இல்லை. உறவே அறுந்துபோன இடத்தில் நம்பர் மட்டும் எப்படி இருக்கும். புனேயிலிருந்து வந்திறங்கிய மகள் எழிலரசி கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். கடையின் படம் இருக்கிறது, நம்பர் இல்லை. அவளைத் துணைக்கு வைத்துவிட்டு நான் நேரில் போய்வரட்டுமா என்று மங்கையிடம் கேட்டேன். வேண்டாம், நீங்க இங்கயே இருங்க என்றாள்.

கடிதம் எழுதினேன். முதல் முறை எழுதியதில் சட்டப் பிரிவு எண் வந்துவிட்டது. கிழித்தேன். இரண்டாவதில் ‘தாங்களும் யோசித்துப் பார்த்தால்’ என்று வந்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவது நாலே வரி. உடம்பு விஷயம், தேதி, என் நம்பர், உடனே பேசவும். ஸ்பீட் போஸ்ட்.

செப்டம்பர் 25, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. நாள் முழுவதும் போனைக் கையில் வைத்திருந்தேன். கடன் அட்டை தருவதாக ஒரு பெண் மட்டும் கூப்பிட்டாள்.

மங்கை பேசுவதைப் பதிவு செய்யலாம் என்று போனை நீட்டினேன். “ரெக்கார்டு வேணாம். கேளுங்க, போதும்” என்றாள். கேட்டேன். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கு ரசத்தில் எத்தனை மிளகு என்று சொன்னாள். எழிலரசியின் தலைமுடி கொட்டுவதைப் பற்றிச் சொன்னாள்.

ஆறு மணிக்கு எங்களைப் போகச் சொன்னார்கள். கதவுவரை போனவனைக் கூப்பிட்டாள். “பால்கனிக் கதவைச் சாத்தினீங்களா?”

சாத்தினேன் என்றேன். சாத்தவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

காலை ஏழரைக்கு உள்ளே. மதியம் இரண்டரைக்கு வெளியே. நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

செப்டம்பர் 27, வெள்ளி

பதினோரு மணிக்குப் போன். “மாப்ள, கதிர்வேலு பேசறேன். லெட்டர் இப்பதான் வந்துது. தங்கச்சிகிட்ட குடுங்க.”

நேற்று என்று சொன்னேன். பிறகு, தான் இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருப்பதாகவும், எழ முடிந்திருந்தால் இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன் என்றும் சொன்னார்.

ஒரு நாள். 2-ந் தேதி சாப்பாட்டு வேளையில் அவள் சொல்ல வந்ததைக் கேட்டிருந்தால் மூன்று வாரம் மிச்சம் இருந்திருக்கும். முப்பத்து நாலு வருஷம் ஊரார் தட்டில் ஐந்து கிராம் குறைவதைப் பிடித்தவன் நான்.

அக்டோபர் 10, வியாழன்

மங்கை வீட்டுக்கு வந்தாள். கழுத்தின் அடியில் சின்னதாக ஒரு வழி, மூச்சு அதன் வழியே. அதைச் சுத்தம் செய்ய நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். எழுதிக் காட்டும் பலகை ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.

முதலில் எழுதியது: ‘பால்கனியில் புறா முட்டை.’ அடுத்த வரியில்: ‘சாத்தவில்லை.’

அக்டோபர் 12, சனி

ஆற்றங்கரைப் படத்தை எடுத்துக் கொடுத்தாள். ஆறு பெட்டியையும் இணைத்துப் போட்டேன். வழக்கமான இடத்துக்கு ஓட்டப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டாள். முதலிலிருந்து போடச் சொன்னாள்.

இந்தப் படத்தை நான் முதலிலிருந்து கேட்டுப் பத்தொன்பது வருஷமாகிறது. இடைவேளைக்குப் பின் வரும் இரண்டு சண்டைவரை எல்லாம் மங்கைதான். மாட்டை விரட்டுகிறாள், அப்பனுக்குச் சோறு போடுகிறாள், பூ விலை கேட்கிறாள். இவ்வளவையும் தள்ளிவிட்டுத்தான் கிளாராவிடம் ஓடியிருக்கிறேன்.

அழுகை வந்தது. வயலின் எகிறும் இடத்தில் மங்கை என்னைப் பார்த்தாள். அவள் தோள்கள் குலுங்கின, கழுத்துத் துணி படபடத்தது. பயந்துவிட்டேன். சிரிக்கிறாள் என்று தெரிய நேரமாயிற்று.

அக்டோபர் 13, ஞாயிறு

மச்சானுக்குப் போன் போட்டேன். அவரிடம் இருப்பது பட்டன் போன், முகம் பார்த்துப் பேச முடியாது. என் போனை ஸ்பீக்கரில் போட்டு, டிவிக்கு முன்னால் முக்காலியில் வைத்துவிட்டு, மங்கைக்கு எதிரே உட்கார்ந்தேன். பலகையை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று தள்ளிவைத்தாள். தன் வாயைக் காட்டினாள், பிறகு என் வாயைக் காட்டினாள்.

அவள் உதட்டை அசைத்தாள். “மச்சான், மங்கை கேக்கறா, எப்படி இருக்கீங்கன்னு...” என்றேன்.

விரல் உயர்ந்தது. பலகையை எடுத்து எழுதினாள்: ‘கேக்கறா இல்லை. நான்.’

சரிதான். டப்பிங்கில் யாரும் ‘அவள் சொல்கிறாள்’ என்று பேச மாட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன். அறுபத்தாறு வயதுக் கட்டைக் குரல்.

“அண்ணா, நான் மங்கை பேசறேன்.”

இவன் என்ன கூத்தடிக்கிறான் என்று வைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“சொல்லு தங்கச்சி” என்றார் மச்சான்.

அவள் மெதுவாக, எனக்குப் பிடிபடும் அளவுக்குத் துண்டு துண்டாக வாயசைத்தாள். நான் பின்னாலேயே போனேன். இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அம்மாவின் கடைசி எட்டு நாள் என்னை உள்ளே விட்டாயே, அதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை என்றேன். அம்மாவின் பித்தளைச் சொம்பு இன்னும் அங்கே இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். மச்சான் ஒவ்வொன்றுக்கும் ‘தங்கச்சி’ என்றே பதில் சொன்னார்.

பிறகு அவள் உதடுகள் நின்றன. என்னை நேராகப் பார்த்தபடி மறுபடி அசைந்தன. முதல் வரி சுலபமாக வந்தது.

“அண்ணா, அந்தக் கல்லு குறைவாத்தான் இருந்துது.”

“ஆமாம்மா. இருந்துது” என்றார்.

அடுத்த வரியை அவள் இரண்டு முறை காட்ட வேண்டியிருந்தது. முதல் முறையே எனக்குப் புரிந்துவிட்டது.

“அஞ்சு கிராமுக்காக... எங்க வீட்டுக்காரர்... என்னை அம்மாகிட்ட போக விடலை. அது தப்பு.”

கடைசி வார்த்தை தொண்டையிலேயே தங்கிவிட்டது. எனக்கே கேட்கவில்லை.

விரல் உயர்ந்தது.

மூச்சை இழுத்துக்கொண்டேன். மச்சான் காத்திருந்தார். மங்கை எனக்காக மறுபடி முதலிலிருந்து வாயசைத்தாள். நானும் முதலிலிருந்து சொன்னேன். கடைசிக்கு வரும்போது குரல் உடைந்தது, கண்ணில் நீர் வந்து அவள் உதடு தெரியவில்லை. இருந்தாலும் முழுதாகச் சொன்னேன்.

“அது தப்பு.”

போனில் மச்சான் அழுவது கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மங்கையின் கையைப் பார்த்தேன். அது மடியில் இருந்தது. இந்த முறை அவள் ஒன் மோர் கேட்கவில்லை.